படத்துக்குக் கீழே இரண்டு வரி

இணையவழியில் பாடம் நடத்துகிறவர்கள் பிள்ளைகளின் முகத்தைவிட அவர்கள் வீட்டு மின்விசிறியைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்கள். கைபேசிக்கு முன்னால் உட்கார்ந்து “கேக்குதா? கேக்குதா?” என்று கத்தித் தொண்டை கட்டிக்கொண்ட எல்லோருக்கும் இது தெரியும். உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. நம்மில் ஒருத்தி செய்த தப்பைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

நான் ஆசிரியை அல்ல. நாளிதழ் ஒன்றின் சிறுவர் பக்கத்தை முப்பது வருஷம் பார்த்துக்கொண்டவள். ‘அக்கா’ என்றுதான் அதில் கையெழுத்துப் போடுவேன். பிள்ளைகள் அனுப்பும் படங்களை அச்சிட எனக்கு ஒரு முறை இருந்தது. படத்துக்குக் கீழே இரண்டே வரி. அதற்கும் கீழே பெயர், வகுப்பு, ஊர். இரண்டு வரிக்கு மேல் எழுதிய பிள்ளை யாராக இருந்தாலும் வெட்டிவிடுவேன். பெயரை மட்டும் விட்டதே இல்லை. தன் பெயரை அச்சில் பார்க்கிற பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது என்று நம்பினேன்.

ஓய்வு பெற்றுத் தென்காசிக்கு வந்த பிறகு, இங்குள்ள சிறிய அறக்கட்டளை ஒன்று சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு இணையத்தில் சுகாதார வகுப்பு எடுக்கச் சொன்னது. காய்ச்சல், கொசு, குடிதண்ணீர், ஈ எல்லாவற்றையும் பாடமாகச் சொல்லாமல், பிள்ளைகளே செய்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். டீச்சரா, அக்காவா என்று பிள்ளைகளுக்குக் குழப்பம். இரண்டையும் சேர்த்து ‘டீச்சரக்கா’ என்று வைத்துக்கொண்டார்கள்.

குழாயடி

முதல் வகுப்பு கை கழுவுவது. “எல்லாரும் போனைத் தூக்கிக்கிட்டுக் குழாய்கிட்டப் போங்க” என்றேன். திரையில் இருபது சதுரங்களும் ஒரே நேரத்தில் குலுங்கின. ஒரு போன் வாளிக்குள் விழுந்து, அந்தச் சதுரம் கறுத்துப்போனது. மற்றவர்கள் சோப்பு போட்டு, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று நான் சொன்ன வரிசையில் தேய்த்தார்கள். இலஞ்சிப் பையன் கார்த்திக் மட்டும் குழாயைப் பார்த்தபடி நின்றான்.

ஏன் சும்மா நிற்கிறாய் என்று கேட்டேன். அவன் போனைக் குழாய் பக்கம் திருப்பி, திருகிக் காட்டினான். புஸ்ஸென்று காற்று வந்தது. அருவிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர். குழாய் என்றால் தண்ணீர் வரும் என்று எழுதிவைத்துக்கொண்டு பாடம் நடத்த உட்கார்ந்தவள் நான். கார்த்திக் ரொம்பப் பொறுமையாக எனக்கு எடுத்துச் சொன்னான்:

“டீச்சரக்கா, இங்கன தண்ணி செவ்வாக்கெழமதான் வரும். அன்னைக்குக் கழுவிட்டுப் போட்டோ அனுப்பட்டா?”

மாடசாமி உள்ளேன்

ஒரு வாரம் வகுப்பில் மீசை வைத்த முகம் ஒன்று வந்து உட்கார்ந்தது. பின்னால் ஆவி பறந்துகொண்டிருந்தது. சதுரத்துக்குக் கீழே ‘மாடசாமி’ என்று பெயர். “இது பிள்ளைகள் வகுப்பு” என்றேன். “தெரியும் டீச்சர். புள்ள பாத்திரம் கழுவி ஒதுங்க வச்சிட்டு வருவா. அதுவரைக்கும் எடம் பிடிச்சு வச்சிருக்கேன்” என்றார் அவர்.

மாடசாமிக்குக் குற்றாலத்தில் சின்ன மெஸ். நாலு மேசை, காலையில் தோசையும் ரசவடையும், மதியம் சோறு. வீட்டுக்கே ஒரு போன்தான், அதுவும் மெஸ்ஸில் இருந்தாக வேண்டும். அதனால் ஏழாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் சனிக்கிழமையானால் மெஸ்ஸுக்கு வந்து வகுப்பில் சேர்ந்துகொள்வாள். மகள் பெயர் இசக்கியம்மாள். மெஸ்ஸுக்கும் அவள் பெயரையே வைத்திருந்தார். பலகையில் ‘இசக்கியம்மாள் மெஸ்’ என்று சிவப்பு எழுத்து.

இடம் பிடித்தவரையும் மாணவராகவே எடுத்துக்கொண்டு, “ஈ மொய்க்காமல் இருக்கப் பண்டத்தை என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டேன். கரண்டியும் கையுமாக நிமிர்ந்து உட்கார்ந்து, “மூடி வைக்கணும் டீச்சர்” என்றார். சரியான பதில். ஆனாலும் உள்ளேயிருந்து மகள் குரல் வந்தது:

“யப்பா, கைய தூக்கிட்டுல்லா சொல்லணும்!”

பதினேழு

சாரல் தொடங்கியிருந்த சமயம். தேங்கின தண்ணீரைத் தேடுவதுதான் அந்த வாரத்துச் செயல்பாடு. இருக்கிற இடத்தைச் சுற்றித் தேடி, கொசுப்புழு கிடந்தால் படம் எடுத்து, என்ன பார்த்தோம் என்று எழுதி எனக்கு அனுப்ப வேண்டும். தேங்காய்ச் செரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு என்று படங்கள் வந்தன. பாதிப் படத்தில் எடுத்தவரின் கட்டைவிரல்தான் தெளிவாக இருந்தது.

இசக்கியின் படம் மட்டும் அச்சுக்கே போகலாம் போல இருந்தது. ஒரு நீல டிரம், உள்ளே டார்ச் வெளிச்சம், அதில் நெளிகிற புழுக்கள். கூடவே நாலு வரி எழுதியிருந்தாள். இன்னும் என்னிடம் இருப்பதால் அப்படியே தருகிறேன்: ‘இது எங்கள் மெஸ் பின்பக்கத்து டிரம். இதில் பதினேழு கொசுப்புழு எண்ணினேன். இது முற்றம் கழுவுகிற தண்ணீர், சமைக்கிற தண்ணீர் டிரம் வேறு, அதற்கு மூடி உண்டு. படம் எடுத்ததும் அப்பா இதைக் கவிழ்த்துவிட்டார்.’

கை பழகிய வேலை. முதல் இரண்டு வரியை வைத்துக்கொண்டேன், மற்ற இரண்டையும் வெட்டினேன். கீழே ‘மா. இசக்கியம்மாள், ஏழாம் வகுப்பு, குற்றாலம்’ என்று போட்டேன். இந்த வாரத்தின் சிறந்த படம் என்று தலைப்புக் கொடுத்து, பெற்றோர்களும் இருக்கிற வாட்ஸப் குழுவில் பதிந்தேன். பூ, கைதட்டல், கட்டைவிரல் என்று வந்து குவிந்தன. பொறாமை தாங்காமல் கார்த்திக் குரல் பதிவே அனுப்பினான்:

“ஏட்டி இசக்கி, புழுவுக்கெல்லாம் அட்டென்டன்ஸ் எடுத்தியா?”

மீதி

புதன்கிழமை பக்கத்து வீட்டுப் பெண் தன் போனை என்னிடம் நீட்டினாள். அவளுடைய உறவினர் குழுவில் வந்த செய்தியாம். இசக்கியின் படம், என்னுடைய இரண்டு வரி, நான் போட்ட பெயர், ஊர். மேலே யாரோ சேர்த்திருந்தார்கள்: ‘சீசனுக்குப் போறவங்க இந்த மெஸ் பக்கம் போயிராதீங்க.’ எந்த மெஸ் என்று அவர்கள் தேடவேண்டிய வேலையே இருக்கவில்லை. பிள்ளையின் பெயரை நான்தான் எழுதிக்கொடுத்திருந்தேனே.

அன்று மதியமே பஸ் ஏறினேன். குற்றாலத்தில் ஈரத் துண்டும் எண்ணெய்த் தலையுமாக ஜனம் நெருங்கி நடந்தது. அருவியில் குளித்தவனுக்கு எப்படிப் பசிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லாக் கடையிலும் கூட்டம். இசக்கியம்மாள் மெஸ்ஸில் நாலு மேசையும் காலி. ஒரு குடும்பம் வாசல்வரை வந்து, பலகையை அண்ணாந்து பார்த்து, போனைப் பார்த்து, எதிர்க் கடைக்குப் போனது.

மாடசாமி என்னைத் திட்டவில்லை. “வாங்க டீச்சர், சாப்பிடுதியளா?” என்று இலை போட்டார். தண்ணீர் வைப்பதற்கு முன் என்னை உள்ளே கூட்டிப்போய்ச் சமையல் டிரம்மின் மூடியைத் திறந்து காட்டினார். அடி வரை தெரிந்தது. அடுப்புக்குப் பின்னால் இசக்கி நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டேன், வரவில்லை. “தப்பு என்னோடது” என்றேன். படத்தை அனுப்புவதற்கு முன்னால் இசக்கி தான் எழுதியதை அப்பாவுக்குச் சத்தம் போட்டு வாசித்துக் காட்டியிருந்தாளாம். சோற்றைப் பரிமாறிவிட்டுக் கேட்டார்:

“எம்புள்ள நாலு வரில்லா எழுதுனா. மீதி ரெண்டு வரி எங்கன டீச்சர்?”

பேச்சியம்மாள் வேலை பார்க்கும் விதம்

பேச்சியம்மாள் எங்கள் பகுதியில் கொசு ஒழிப்பு வேலை பார்ப்பவர். தோளில் மருந்துப் பை, கையில் டார்ச், வீடு வீடாகப் போய்த் தொட்டியும் டிரம்மும் பார்ப்பார். ஒருநாள் வகுப்பில் வந்து பேசக் கூப்பிட்டிருந்தேன். அதைப் பற்றிப் பேச என் வீட்டுக்கு வந்து, கொல்லைப்புறத்துத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

அவர் தன் குறிப்பேட்டை எடுத்துக் காட்டினார். வீட்டு எண் இருந்தது, பாத்திரத்தின் கணக்கு இருந்தது. அது ஆபீசுக்குப் போகிற தாள், தெருவுக்கு அல்ல என்றார். புழு இருந்தால் வீட்டுக்காரியைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டி, அவள் கையாலேயே கவிழ்க்க வைத்து, அடுத்த வீட்டில் வாயைத் திறக்காமல் போய்விடுவாராம். பொதுச் சுகாதாரத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கக் கிளம்பிய நான், அந்த வேலையின் முதல் விதியைக் கொல்லைப்புறத்தில் நின்று கற்றுக்கொண்டேன்.

“ஒரு வீட்டுப் பேரை வெளிய சொன்னா அந்த வீட்டோட போவாது டீச்சர், அடுத்த வாரம் அந்தத் தெருவுல ஒருத்தரும் கதவு தொறக்கமாட்டாக.”

திருத்தம்

பத்திரிகையில் தப்பு வந்தால் மறுநாள் திருத்தம் போடுவோம். அதே பக்கம், அதே வாசகர். இங்கேயும் போட்டேன். நாலு வரியையும் முழுசாக எழுதி, வெட்டியது நான், பிள்ளை அல்ல என்று என் பெயரைக் கீழே போட்டேன். முந்தைய படம் போன இடமெல்லாம் இதையும் அனுப்புங்கள் என்று குழுவில் கெஞ்சிக் கேட்டேன். ஆளுக்கு ஒரு கட்டைவிரல் போட்டார்கள். எங்கள் குழுவுக்கு வெளியே அது போனதாகத் தெரியவில்லை.

சுகாதார ஆய்வாளர் மெஸ்ஸுக்கு வந்து பார்த்து, தண்ணீரில் குறை இல்லை என்று எழுதிக்கொடுத்தார். மாடசாமி அந்தத் தாளைச் சுவரில் ஒட்டினார். உள்ளே வருகிறவர்தான் அதைப் படிக்க முடியும். படிக்க வேண்டியவர்கள் உள்ளே வரவில்லை. சீசன் முடியுமுன் மெஸ்ஸைப் பூட்டிவிட்டு, பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு மூட்டை தூக்கப் போய்விட்டார். போனும் அவரோடு போனது. சனிக்கிழமை வகுப்பில் ஒரு சதுரம் குறைந்தது.

திருத்தம் ஏன் போய்ச் சேரவில்லை என்று பிள்ளைகளிடமே கேட்டேன். செயல்பாடு என்று நினைத்து எல்லோரும் யோசித்தார்கள். கார்த்திக் கை தூக்கினான்.

“புழு இருந்தாத்தான் அனுப்புவாக டீச்சரக்கா. மூடி போட்ட டிரம்ம எவன் அனுப்புவான்?”

சந்தையிலிருந்து

சாரல் நின்று வெயில் ஏறியபின் ஒரு சனிக்கிழமை, ‘மாடசாமி’ என்ற சதுரம் திறந்தது. முட்டைக்கோஸ் மூட்டைகள், டெம்போவின் ஹாரன், “ஏலே ஓரமாப் போ” என்று யாரோ போடுகிற சத்தம். நடுவில் இசக்கி. காலாண்டு விடுமுறை என்று அப்பாவோடு சந்தைக்கு வந்திருக்கிறாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். “இன்னைக்கு என்ன செய்யணும்?” என்றாள்.

அன்றைக்கு, ஊருக்குப் பொதுவான குடிதண்ணீரைப் பார்த்து எழுதுவது. மற்றவர்களுக்கு முன்னால் அவள் படம் வந்துவிட்டது. சுமை தூக்குகிறவர்கள் குடிக்கிற பானை, சங்கிலியில் கட்டிய டம்ளர். நாலு வரி. ‘பானைக்கு மூடி இல்லை, டம்ளரில் ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் வாய் வைத்துக் குடிக்கிறார்கள், அப்பாவிடம் சொன்னேன், அவர் இப்போது தட்டு வைத்து மூடியிருக்கிறார்.’ மூன்று முறை வாசித்தேன். ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. குழுவில் போடலாமா என்று முதல் தடவையாக ஒரு பிள்ளையிடம் அனுமதி கேட்டேன். பெயர் போட வேண்டிய இடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. அதையும் அவளிடமே கேட்டேன். இசக்கி அப்பாவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அவர் மூட்டைக்கடியில் குனிந்திருந்தார்.

“பேரு வேண்டாம் டீச்சரக்கா. நாலு வரியும் போடுங்க, போதும்.”

முப்பது வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளின் மூன்றாவது வரியை அழகாக வெட்டியிருக்கிறேன், அவற்றில் எது எந்த வீட்டு அடுப்பை அணைத்தது என்று இனிமேல் யாரிடம் போய் விசாரிப்பேன்?