கரிப்பூட்டைக்காரன் வருகிறான்

பயிருக்கு நோய் பார்க்கப் போகிறவனை யாரும் வாசலில் நின்று வரவேற்பதில்லை. மின்மானி வாசிக்கப் போகிறவர்களுக்கும், தராசு பரிசோதிக்கப் போகிறவர்களுக்கும், நாய்க்கு ஊசி போடப் போகிறவர்களுக்கும் இதை நான் சொல்லி விளங்க வேண்டியதில்லை. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். வாசற் படலையில் நின்று கூப்பிட்டால் ரேடியோ மட்டும் நின்றுவிடும்.

எழுபதுகளில் சீனி கூப்பனுக்குத்தான் கிடைத்தது. கண்டியைச் சுற்றிப் பலர் வீட்டுக் கொல்லையில் கரும்பு நட்டார்கள். கரும்போடு கரிப்பூட்டை என்ற பங்கசு, அதாவது பூஞ்சை, நோயும் வந்தது. கண்ட இடத்தில் தூரோடு தோண்டி எரிக்கச் சொல்வது என் உத்தியோகம். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, கட்டுகஸ்தோட்டையில் ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வாய் திறக்க ஒரு காரணமும் இருக்காது. என்னைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்ட வீடு ஒன்றே ஒன்றுதான். தெல்தோட்டையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், ராக்கம்மா அக்காவின் ஒற்றை அறைக் காம்பிரா. அந்த ஒரு கதவு எனக்கு மூடிவிடக் கூடாது என்பதுதான் அப்போது என் பெரிய கவலை.

பூத்த கரும்பு

அக்குறணையில் ஒரு புடவைக் கடை முதலாளி. வீட்டுக்குப் பின்னால் நாலு தூர் கரும்பு வைத்திருந்தார். ஒன்றின் உச்சியிலிருந்து கறுப்பாக, சாட்டை மாதிரி, இரண்டு முழ நீளத்தில் ஒன்று வளைந்து நின்றது. அதுதான் கரிப்பூட்டை. அந்தச் சாட்டை முழுக்க வித்துத் தூள், லட்சக்கணக்கில். ஈரச் சாக்கால் மூடிக் கட்டிய பிறகுதான் அதில் கத்தி வைக்க வேண்டும். நான் சாக்கை நனைத்துக்கொண்டு வருவதற்குள், எனக்கு நன்றாகக் காட்டுகிறேன் என்று அவர் அதைப் பிடித்து உலுக்கிவிட்டார். என் சட்டை, அவருடைய தொப்பி, கொடியில் காய்ந்த துணி எல்லாம் கரி. விஷயத்தைச் சொன்னதும் மனுஷன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பூத்தீக்கி எண்டு நெனச்சி, பக்கத்து ஊட்டுக்கும் ஒண்ட வெட்டிக் குடுத்தேனே சேர்."

ஒற்றை ஆள்

கந்தோரில் என்னோடு வேலை செய்தவர் பெரியசாமி. என் வயதுதான், நாலு பிள்ளைகளின் தகப்பன். ஒரு நாள் நுணுக்குக்காட்டியில் கரிப்பூட்டை வித்து முளைப்பதை அவருக்குக் காட்டினேன். வித்து முளைத்துச் சின்னச் சின்ன உயிர்க்கலங்களை விடும். அந்தக் கலம் தனியாக இருந்தால் கரும்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. பெருகும், மிதக்கும், அவ்வளவுதான். தன்னோடு பொருந்துகிற வேறு வகைக் கலம் ஒன்றைச் சந்தித்து, இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் அது நூலாக நீண்டு, கரும்புக் கணுவில் இருக்கும் பருவுக்குள் நுழையும்.

பெரியசாமி ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கெட்ட எண்ணம் இல்லாத மனிதர், அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது.

"ஒத்தையா கெடந்தா யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. ஒங்கள மாதிரின்னு சொல்லுங்க."

சண்டை போடாத செடி

ஹுன்னஸ்கிரியவில் ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் கேட்டார், "புழு கடிச்சா இலை கருகுது, இதுக்கு மட்டும் ஏன் செடி ஒண்ணும் செய்யல?" நல்ல கேள்வி. அன்றைக்கு எனக்குப் பாதிதான் தெரியும், மீதி பின்னாளில் வாசித்தது. பகைவன் நுழைந்தால் செடி சும்மா இருப்பதில்லை. நுழைந்த இடத்துக் கலங்களைத் தானே சாகடித்து, வந்தவனைப் பட்டினி போடும். கரிப்பூட்டை அதற்கு இடம் கொடுப்பதில்லை. முரட்டுத்தனமாக எதையும் கொல்லாமல் உள்ளே போய், செடியின் எச்சரிக்கையை அடக்குகிற புரதங்களைச் சுரந்துவிடும். செடிக்கு வந்திருப்பது பகை என்றே தெரியாது. மாதக்கணக்கில் தன் சீனியை ஊட்டி வளர்க்கும். கடைசியில் வளர்நுனியே சாட்டையாக மாறும்.

அறிந்ததை அறிந்த மட்டும் சொன்னேன். கணக்கப்பிள்ளை தன் கரும்பைத் தடவிப் பார்த்தார்.

"நம்ம வீட்டு ஆளுன்னு நெனச்சி சோறு போட்டிருக்கு, பாவம்."

கதிரை போட்ட வீடு

ராக்கம்மா அக்காவின் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். அக்காவுக்கு இந்தியா போகிற கடதாசி மட்டும் வரவில்லை. லயத்தின் கடைசிக் காம்பிரா, பக்கத்துக் காம்பிராக்களும் காலி. மகன் நட்டுவிட்டுப் போன ஒரு தூர் கரும்பு பின்னால் நின்றது. சுற்றுவட்டாரத்தில் வேறு கரும்பே இல்லை. நோய் பார்க்க அங்கே ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் மாதம் ஒரு தடவை, மற்றக் கொல்லைகளை முடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் பஸ் ஏறிவிடுவேன்.

சாயத்தண்ணிக்கு, அதாவது பாலில்லாத வெறும் தேத்தண்ணிக்கு, சீனி இல்லை. என்னையே ஒரு கரும்பை வெட்டிக்கொள்ளச் சொல்வார். ஒரு கடி கரும்பு, ஒரு மிடறு சாயத்தண்ணி. இரண்டு பேருக்கும் பேச்சு அதிகம் இராது. ஆமாம் என்பதை நான் யாழ்ப்பாணத்துத் தமிழில் சொன்னால் மட்டும் சிரிப்பார்.

"ஓம் ஓம்னு நீங்க சொல்றது, ஏதோ பூசை நடக்குற மாதிரி இருக்கு, வீட்டுக்கு நல்லது."

காற்றின் மேல் பழி

அடுத்த தைப்பொங்கலுக்கு ஒரு மாதம் இருக்கையில் போனேன். அக்காவின் கரும்பில் சாட்டை நின்றது.

"காத்திலை வந்திருக்கும்" என்றேன், உத்தியோகக் குரலில். ஈரச் சாக்கால் மூடி, வெட்டி, தூரைத் தோண்டினேன். அக்கா மண்வெட்டி பிடித்தார். மகன் நட்டது எரிவதை இரண்டு பேரும் நின்று பார்த்தோம். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சுற்றி மலை, எட்டும் தூரத்தில் கரும்பு இல்லை, எந்தக் காற்று? மற்ற எல்லா இடத்திலும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுத்தான் அடுத்த தூரைத் தொடுவேன். இந்த ஒரு வீட்டுக்கு நான் பரிசோதகனாக வரவில்லை, விருந்தாளியாக வந்தேன். விருந்துக்குப் போன இடத்தில் கத்தியைத் துடைக்க எனக்குத் தோன்றவே இல்லை. கடிக்கக் கரும்பு வெட்டும்போது, அக்குறணைக் கரியோடு அதே கத்தியை இங்கே அடிக்கட்டையில் வைத்திருக்கிறேன்.

சொன்னால் கதவு மூடிவிடும். சொல்லாமல் அந்தக் கதிரையில் உட்காரவும் முடியவில்லை. "அக்கா, காத்து இல்லை. என்ரை கத்திதான் கொண்டு வந்தது" என்றேன். அக்கா அடுப்பிலிருந்து சாயத்தண்ணியை ஊற்றினார். கோப்பையை எடுத்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கூடக் கடிக்கக் கரும்பு இல்லை.

"தெரியுங்க, சாட்டை தலை காட்டுன அன்னைக்கே தெரியும், ஒங்களத் தவிர இந்தப் பக்கம் யாரு வந்தா? ஆறுறதுக்குள்ள குடிங்க."

இத்தனை வருஷ சேவையில் நான் கையும் களவுமாகப் பிடித்த, நோயைச் சுமந்து திரிந்த ஒரே நோய்காவி நான்தான், அந்த அறிக்கையை மட்டும் கந்தோருக்கு இன்னும் அனுப்பவில்லை.