ஏர்போர்ட்டுக்கு யாரும் வர வேண்டாம்

நான் இருக்கும் கனடிய ஊரில் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்க மனிதர்கள் தேவையில்லை. கடை பூட்டியிருக்கும். சுவரில் தபால் பெட்டியின் வாய் மாதிரி ஒரு திறப்பு. சாவியை அதற்குள் போட்டுவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். உள்ளே எங்கோ டொக் என்று விழும் சத்தம் கேட்கும். வந்த புதிதில் சாவியைப் போட்ட பிறகும் நான் சற்று நேரம் அங்கேயே நிற்பேன். யாராவது வந்து "சரிம்மா, போயிட்டு வாங்க" என்று சொல்லாமல் ஒரு காரியம் முடிந்ததாக எனக்குத் தோன்றாது. பதினாறு வருடத்தில் அது பழகிவிட்டது. பழகியது மட்டுமா, பிடித்தும் போய்விட்டது. வரவேற்கவும் வழியனுப்பவும் ஆள் இல்லாத வாழ்க்கையில் ஒரு சௌகரியம் இருக்கிறது. நம் நேரம் நம் கையில் இருக்கும்.

திண்டுக்கல் நாகல் நகரில் பிறந்த பிலோமினாவாகிய நான் இங்கே பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். முழங்கால் உயரப் பனியில், எழுபது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு. கதவைத் திறந்ததும் பேருந்தின் பக்கவாட்டில் சிவப்புப் பலகை ஒன்று விரியும். அதைப் பார்த்து இரண்டு பக்கத்து வண்டிகளும் அப்படியே நிற்கும். இந்த அதிகாரம் ஊரில் கலெக்டருக்குக்கூடக் கிடையாது. என்னோடு பேருந்து ஓட்டும் டெபியும் கார்லும் போன கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு என்னுடன் திண்டுக்கல் வருவதாகச் சொன்னார்கள். டிசம்பரில் எங்கள் ஊரில் மின்விசிறி போட்டுத் தூங்குவோம் என்று நான் சும்மா சொல்லிவைத்த ஒரு வார்த்தைதான் காரணம். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. ஆக நாங்கள் மூன்று ஓட்டுநர்கள். நான் இரண்டு நிபந்தனைகள் போட்டேன். சென்னையில் இறங்குவதில்லை, விமானம் மாறி நேராகத் திருச்சிக்குப் போகிறோம். அங்கிருந்து வாடகைக் கார், ஓட்டுவது நான்.

நாகல் நகரில் இருக்கும் லூர்தக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள், பள்ளிக்கூட டீச்சர். "நாங்களே கார் எடுத்துட்டு வந்துருவோம்க்கா. ஏர்போர்ட்டுக்கு யாரும் வர வேணாம்."

எங்கள் வீட்டு வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வார்த்தை என்று புரியும். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தால் ஒரு வேனே கிளம்பும். வருகிறவர் ஒருவர், கூட்டிவரப் போகிறவர்கள் ஒன்பது பேர். முன் சீட்டு யாருக்கு என்பதில் ஒரு மனத்தாங்கல், வழியில் வாந்தி எடுக்கும் ஒரு பிள்ளை, இரண்டு தூக்கு நிறையத் தயிர்ச்சாதம். திரும்பும்போது வந்தவரின் பெட்டிக்கு இடம் இருக்காது, மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா "சரி" என்றாள். லூர்தக்கா ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னால் உஷாராக வேண்டும் என்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். ஆனாலும் திட்டம் போட்ட பெருமையில் அதைக் கவனிக்காமல் விட்டேன்.

சென்னை வேண்டாம் என்றதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. எட்டு வருடத்துக்கு முன் அம்மா திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, கிடைத்த முதல் விமானத்தில் ஏறிச் சென்னை வந்து இறங்கினேன். காலை எட்டு மணி. என்னைக் கூட்டிப்போக வேன் வந்துகொண்டிருந்தது. தொடர் விடுமுறை முடிந்து ஊரெல்லாம் சென்னைக்குத் திரும்பும் நாள் அது. செங்கல்பட்டிலிருந்தே வண்டிகள் நகரவில்லை. நான் ஒரு டாக்சி பிடித்துக் கிளம்புகிறேன் என்றேன். போனில் அக்கா, "அங்கனயே நில்லு, வண்டலூர் வந்துட்டோம்" என்றாள். அரைமணி கழித்தும் வண்டலூர்தான். நான்கு மணி நேரம் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு வழியாக வந்து ஏற்றிக்கொண்டார்கள். சாயங்காலம் வேன் வடமதுரையைத் தாண்டும்போது கூட வந்த அத்தானின் போன் அடித்தது. இன்னும் அரைமணி நேரம் இருந்தால் ஆஸ்பத்திரி. அம்மா போய்விட்டாள்.

அந்த நான்கு மணி நேரத்தை நான் மறக்கவே இல்லை. இனி ஒருபோதும் யாருக்காகவும் விமான நிலையத்தில் காத்திருக்க மாட்டேன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

திருச்சியில் எல்லாம் நான் போட்ட கணக்குப்படியே நடந்தது. இருபது நிமிடத்தில் வெளியே வந்தோம். கார்க்காரர் ஏழு பேர் உட்காரும் வெள்ளை வண்டியோடு வாசலில் நின்றார். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. ஓட்டுநர் இல்லாமல் வாடகைக்கு விடும் வண்டிக்கு அதுதான் அடையாளம். எனது லைசென்ஸை இரண்டு முறை படித்தார். என் பெயரையும் படித்தார். பிறகு சாவியைக் கார்லிடம் நீட்டினார். கார்ல் ஒரு தேங்க்யூ சொல்லி, அதை வாங்கி என்னிடம் கொடுத்தான்.

"ஏம்மா, நீங்களா ஓட்டப் போறீங்க?"

"ஆமாண்ணே."

"திண்டுக்கல் வரைக்குமா?"

"அங்க பஸ்சே ஓட்டுறேன்ணே."

அவர் பையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்து நான்கு டயருக்கும் அடியில் வைத்துவிட்டு, "ஏத்தி எடுங்கம்மா" என்றார். நான் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்து வண்டியைக் கிளப்புவதற்குள் டெபி ஓடிப்போய் நான்கு பழங்களையும் பொறுக்கி, துடைத்து, "உங்கள் பழங்கள் உருண்டு போய்விட்டன" என்று ஆங்கிலத்தில் சொல்லி அவர் கையிலேயே கொடுத்தாள். நல்ல மனசு. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மறுபடி வைத்தார். இந்த முறை டெபியைக் கண்ணால் மிரட்டிக்கொண்டே வைத்தார்.

கிளம்பினோம். பேருந்து ஓட்டுகிறவள் என்று ஜம்பமாகச் சொன்னேனே, முதல் திருப்பத்திலேயே என் குட்டு உடைந்தது. கனடாவில் ஓட்டுநர் சீட்டு இடப்பக்கம், நமக்கு இடது கைப் பக்கம் இண்டிகேட்டர், வலது கைப் பக்கம் வைப்பர். இங்கே எல்லாம் தலைகீழ். நான் திரும்பப் போகிறேன் என்று சொல்ல நினைக்கும்போதெல்லாம் கொளுத்துகிற வெயிலில், காய்ந்த கண்ணாடியில், வைப்பர் கிறீச் கிறீச் என்று ஆடியது. பின்னால் வந்த லாரிக்காரர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே போனார். மற்றபடி வண்டி என் பேச்சைக் கேட்டது. மணப்பாறை தாண்டியதும் சாலை விரிந்தது. மழை பெய்து முடிந்த மாதம். இரண்டு பக்கமும் சோளத் தட்டை பச்சையாக நின்றது, கிணற்று மேட்டில் தென்னை, தூரத்தில் மலை. பதினோரு மணிக்கு வீடு என்று கார்லிடம் அறிவித்தேன்.

வையம்பட்டி தாண்டும்போது அக்காவிடமிருந்து போன். டெபி ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்கடி வாரீங்க?"

"வையம்பட்டிக்கா. இன்னும் முக்கா மணி நேரத்துல வீட்டுல இருப்போம்."

"நாலு வழி ரோட்டுலயே போயிராத. அய்யலூர் ஊருக்குள்ள வா. பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்."

எனக்குச் சுருக்கென்றது. "அக்கா, யாரும் வர வேணாம்னு சொன்னேன்ல?"

"ஏர்போர்ட்டுக்குத்தான வர வேணாம்ன. அய்யலூருக்கு வர வேணாம்னு சொல்லலயே."

போனை வைத்துவிட்டாள்.

உள்ளே திரும்பியதும்தான் எனக்கு உறைத்தது. அன்று வியாழக்கிழமை. வியாழக்கிழமை அய்யலூரில் ஆட்டுச் சந்தை என்பதைத் திண்டுக்கல்லில் பிறந்த எவரும் மறக்க மாட்டார்கள். மறந்தவள் நான் ஒருத்திதான். அதுவும் கிறிஸ்துமஸுக்கு முந்தின வியாழன். சந்தை சாலைக்கே வந்துவிட்டிருந்தது. முன்னால் வெள்ளாடு, பின்னால் செம்மறி, இரண்டு பக்கமும் ஆட்டை ஏற்றிய சரக்கு வண்டிகள். சென்னை நெரிசலுக்குப் பயந்து கடல் தாண்டித் திட்டம் போட்டவள், அய்யலூரில் இரண்டு கெடாக்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டேன். நல்லவேளையாக அக்கா நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயேதான் மாட்டினோம். கூட்டத்துக்குள் புகுந்து வந்து, கார்லை ஒரு பார்வையிலேயே பின்சீட்டுக்கு அனுப்பிவிட்டு, எனக்கு இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். மடியில் தூக்குச்சட்டி.

"சாப்டியா?"

"பிளேன்ல குடுத்தாங்க."

"அதெல்லாம் ஒரு சாப்பாடா. இட்லி இருக்கு. வெஞ்சனமா கறி வச்சிருக்கேன்."

வண்டி நகரவில்லை. கார்லுக்குப் பொறுக்கவில்லை. இறங்கிப்போய், எங்கள் கனடாப் பேருந்து வழக்கப்படி நடுச்சாலையில் நின்று வலது கையை உயர்த்தி, நில் என்று காட்டினான். ஆடுகள் நிற்கவில்லை. ஆனால் ஒரு வியாபாரி ஓடிவந்தார். "தொர கெடா கேக்குறாரு!" என்று ஒரு பெரிய கறுப்புக் கெடாவை இழுத்துவந்து, கார்லின் முகத்துக்கு நேராக அதன் வாயைப் பிளந்து பல்லைக் காட்டினார். "மிக நல்ல பற்கள்" என்றான் கார்ல் பணிவாக, ஆங்கிலத்தில். அவர் அதை விலை கேட்பதாக எடுத்துக்கொண்டு, தோளில் கிடந்த துண்டைக் கார்லின் கைமேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேச ஆரம்பித்தார். கார்ல் அது இந்த ஊர்க் கைகுலுக்கல் என்று நினைத்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான். டெபி படம் எடுக்க இறங்கி ஓடினாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"பிலோ," என்றாள், ஆடுகளைப் பார்த்தபடியே. "அன்னைக்கு நாங்க வேன் எடுத்துட்டு வராம இருந்திருந்தா நீ அம்மாவ உசுரோட பாத்திருப்ப. அதுக்குத்தான இந்தத் தடவ யாரும் வரக் கூடாதுன்ன?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். டிராஃபிக், நேரம், வசதி என்று வாயில் தயாராக இருந்தது. ஆனால் அக்காவிடம் பொய் சொல்ல நான் பழகவில்லை.

"ஆமாக்கா. ரொம்ப நாளா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அக்கா தலையை ஆட்டினாள். "நெனப்பதான். நானா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பேன்." தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினாள். "அம்மாதான்டி அனுப்புச்சு. பேச்சு நின்னு போச்சு, ஆனா கைய அசச்சு, எல்லாரும் போங்கன்னு வாசலக் காட்டுச்சு. அம்புட்டுத் தூரத்துல இருந்து வார புள்ள தனியா வந்துறக் கூடாதுன்னு. நான் போக மாட்டேன்னேன். பக்கத்துல நின்ன மதினியக் காட்டி, நீ போன்னு கையால தள்ளுச்சு." என் பக்கம் திரும்பினாள். "அந்த வேன்ல நானுந்தான இருந்தேன், பிலோ."

எட்டு வருடம். அம்மாவைக் கடைசியாகப் பார்க்காதவள் என்று நான் என்னை மட்டுமே எண்ணி வைத்திருந்தேன். ஊரிலேயே இருந்தவள், ஆறு மாதம் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டியவள், முந்தின நாள்வரை கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தவள், என்னை அழைத்துவரக் கிளம்பியதால்தான் அந்தக் கடைசி நேரத்தை இழந்தாள். அத்தானின் போன் அடித்தபோது வேனில் நான் கதறியது எனக்கு நினைவிருக்கிறது. என் தலையை மடியில் வைத்துக்கொண்டது யார் என்று ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதேன். அக்கா என் முதுகைத் தடவினாள். "அழாத. ஆட்டுக்காரங்க எல்லாம் பாக்குறாக" என்றாள், தானும் அழுதுகொண்டே.

ஒரு மணி நேரம் ஆயிற்று அந்த ஊரைத் தாண்ட. எனக்கு அது நீளமாகத் தெரியவில்லை. கார்ல் கெடா வாங்காமல் தப்பித்து வந்து சேர்ந்தான். இலையில் வைத்து இட்லியை நீட்டினாள் அக்கா. அவனும் டெபியும் கறியைத் தொட்டுக்கொண்டு கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டார்கள். நால்வர் கண்ணும் சிவந்திருந்ததால் யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. நாலு வழிச் சாலையில் ஏறத் திரும்பினேன். வைப்பர் ஆடியது.

"மழையே இல்ல. எதுக்குடி தொடைக்கிற?"

"கை பழக்கம்க்கா."

அக்கா இடப்பக்கத்திலிருந்து கையை நீட்டி அதை நிறுத்தினாள். வடமதுரை வந்தபோது இருவரும் ஒன்றாகச் சிலுவை போட்டுக்கொண்டோம்.

அடுத்த பதினைந்து நாளும் அந்தச் சீட்டு அக்காவுடையது. பாலசமுத்திரத்துச் சித்தி வீட்டுக்கு, பாதிரியார் வீட்டுக்கு, சந்துபொந்தெல்லாம் நான்தான் ஓட்டினேன். "எந்தங்கச்சி ஓட்டுறா" என்று இறங்கும் இடமெல்லாம் அக்கா சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் வைப்பரைப் போடுவேன், பேச்சை நிறுத்தாமலே அவள் கையை நீட்டி நிறுத்துவாள். வழியனுப்பத் திருச்சிக்கு வேன் வந்தது. ஒன்பது பேர். கார்க்காரரிடம் சாவியைக் கையில் கொடுத்தேன். "நல்லபடியா போயிட்டு வாங்கம்மா" என்றார்.

"அடுத்த தடவயும் திருச்சிதான?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"நான் வாசல்லயே நிப்பேன். சொல்லிப்புட்டேன்."

கனடாவில் இறங்கியபோது வீட்டுக்காரர் வேலையில் இருந்தார். ஏர்போர்ட்டில் விட்டுப்போயிருந்த என் காரில் டெபியையும் கார்லையும் அவரவர் வீட்டில் இறக்கிவிட்டு, தனியாக வண்டியைக் கிளப்பினேன். இருபுறமும் பனி. எங்கள் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் இண்டிகேட்டர் என்று வலது கைப் பக்கம் தட்டினேன். காய்ந்த கண்ணாடியில் கிறீச் கிறீச் என்று வைப்பர் ஆடியது. பதினைந்தே நாளில் கை மாறிவிட்டிருந்தது. நான் அதை நிறுத்தவில்லை, சும்மா காத்திருந்தேன். பிறகு இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே என் பக்கத்துக் கதவுதான் இருந்தது, அதற்கு வெளியே பனி.