ஜெயம்மாவின் தறிக் கொட்டகையை அளந்த நாள்

இது கட்டிவிட்ட கதை இல்லை. எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் நேரில் வந்தால் என் வலது உள்ளங்கையைக் காட்டுகிறேன். குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு இருக்கிறது. அமாவாசை, நடுநிசி எதுவும் கிடையாது. 2001 டிசம்பர் 4, செவ்வாய்க்கிழமை, மாலை 4.10.

அப்போது நான் திருப்பதியில் இன்சூரன்ஸ் சர்வேயர். மழையிலோ தீயிலோ கட்டடம் சேதமானால் கம்பெனி என்னை அனுப்பும். நான் அளந்து, எதனால் சேதம், எவ்வளவு சேதம் என்று எழுதிக் கொடுப்பேன். புதுப்புதுக் கம்பெனிகள் வந்து இறங்கிய காலம். வேலை குவிந்தது. கூடவே தலைக்கனமும் ஏறியது.

நவம்பர் 13 அன்று ஒரு பெண் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள். பெயர் ஜெயம்மா, பிச்சாட்டூர் பக்கம். கணவன் குவைத்தில் டிரைவர். அவன் அனுப்பியதில் கட்டிய பவர்லூம் கொட்டகையில் மழையால் ஒரு சுவர் விழுந்துவிட்டது, இன்னொன்று சாய்ந்து நிற்கிறது என்றாள். எல்லோரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னேன். நான் வந்து பார்க்கும்வரை எதையும் தொடக்கூடாது. தொட்டால் கிளெய்ம் போய்விடும்.

அதன் பிறகு நான்கு முறை போன் செய்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தேன். பெரிய பெரிய ஃபேக்டரிகள் இருந்தன. அங்கே கார் அனுப்புவார்கள், சாப்பாடு போடுவார்கள். இவளிடம் என்ன இருக்கிறது? உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். இருபத்தொரு நாள் கழித்துத்தான் போனேன்.

கொட்டகை ஊருக்கு வெளியே, வயல் ஓரத்தில் இருந்தது. தூறிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு பெண் முக்காடு போட்டு நின்றாள். ஜெயம்மாதானா என்று கேட்டேன். தலையாட்டினாள். எதையாவது தொட்டாயா என்று கேட்டேன். இல்லையென்று தலையசைத்தாள்.

நூறடி இரும்பு டேப்பின் முனையை அவளிடம் கொடுத்து, அந்தக் கோடிக்குப் போகச் சொன்னேன். போனாள்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. நான் தொப்பலாக நனைந்திருந்தேன். அவள் புடவை நனையவில்லை. அதன்மேல் செங்கல் தூள் காய்ந்து கிடந்தது.

சேற்றில் என் செருப்புத் தடம் மட்டும் இருந்தது.

கவனிக்காத மாதிரி வேலையைப் பார்த்தேன். உள்ளே இரண்டு சுவர்களும் விழுந்து கிடந்தன. போனில் ஒன்று என்றுதானே சொன்னாள்? எனக்குக் கோபம் வந்தது. கூடுதலாகக் கேட்பதற்காக இன்னொன்றை இவளே இடித்திருக்கிறாள். எங்கள் தொழிலில் முதலில் இப்படித்தான் தோன்றும். தாளில் எழுதினேன்: 'இரண்டாவது சுவர், உரிமையாளரே இடித்தது.'

மணி 4.21. டேப் இழுபட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் கோடியில் யாரும் இல்லை. டேப் மட்டும் விறைப்பாக நேரே போய்… செங்கல் குவியலுக்கு அடியில் நுழைந்திருந்தது.

மறுபடி ஒரு இழுப்பு. இந்த முறை பலமாக.

குவியலுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. சரக்… சரக்… செங்கல் செங்கலோடு உரசுகிற சத்தம்.

"தொடாதன்னு நீதானே சொன்ன?"

போனில் கேட்ட அதே குரல். அதில் 'சார்' இல்லை.

"நான் தொடல. அதைக் கிழி."

எழுதிய தாளைக் கிழித்தேன்.

டேப் என் கையை அறுத்துக்கொண்டு ஓடியது. நூறடியும். குவியலுக்குள்.

ஓடினேன்.

பஸ் நிறுத்தத்து டீக்கடைக்காரர் தேவேந்திரன் என் கையைத் துணியால் கட்டினார். ஜெயம்மாவைப் பார்க்க வந்தேன் என்றதும் அவர் முகம் மாறியது.

"அது செத்து பத்து நாளாச்சு சார். செவுரு மேல உயுந்துட்ச்சி. முட்டு குடுக்கலாம்னு கட்டை எத்துக்கினு போனோம். சர்வேயர் பாக்காம கைய வெக்கக்கூடாதுன்னு துரத்திட்ச்சி. தறிய வுட்டுட்டு வரமாட்டேன்னு ராத்திரிக்கும் அங்கியே படுத்துக்கினு இருந்துச்சி."

சர்வேயர் நான்தான் என்று அவரிடம் சொல்லாமலேயே பஸ் ஏறினேன்.

அன்று இரவு நான் தூங்கவில்லை. விடிவதற்குள் புது ரிப்போர்ட் எழுதினேன். இரண்டு சுவர்களும் மழையால் விழுந்தவை, முழுத் தொகையும் கொடுக்கலாம். செய்த பாவம் கொஞ்சமாவது கழியும் என்று மனசு லேசானது.

காலை 10.05க்கு வீட்டிலிருந்து கம்பெனிக்குப் போன் செய்து ஜெயம்மாவின் ஃபைலை எடுத்து வைக்கச் சொன்னேன். திருப்பதி ஆபீசில் இருக்கும் பத்மினி எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்தவள், நன்றாகப் பழகுகிறவள். அந்தம்மா நேற்று இங்கே வந்திருந்தார்களே சார் என்றாள்.

எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"நாலு இருபது இருக்கும். முக்காடு போட்டுக்கினு வந்தாங்க. உங்க வீட்டைப் பத்திக் கேட்டாங்க சார். அட்ரஸ் என்ன, கட்டி எத்தனை வருசமாச்சு, செவுரு கனம் ஒரு கல்லா, அரைக் கல்லான்னு. எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்."

அடுத்த அறையில் என் மனைவி, மணி பத்தாகியும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பாமல் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள்.

பத்மினி தொடர்ந்தாள். "செவுத்தோரமா யாரெல்லாம் படுப்பாங்கன்னும் கேட்டாங்க. அது எனக்கு எப்படித் தெரியும்னேன். பரவால்ல, நானே போயி பாத்துக்கிறேன்னு சொல்லிட்டுப் போனாங்க சார்."