தொழ முடியாத நாட்களில் கேட்ட துஆ

பெற்ற பிள்ளை பக்கத்தில் கிடந்து அழும். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். தூக்க வேண்டும் என்று தெரியும், கை எழாது. சகோதரிகளே, போன வருடத்துக்கு முந்தின வருடம் ஷவ்வால் மாதம், இங்கே மலாய் நாட்டில், ஜெலுத்தோங்கில் என் வீட்டு அறையில் நான் இருந்த இருப்பு இதுதான். அங்கிருந்து அல்லாஹ் என்னை எப்படி மீட்டான் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீட்டி முழக்க எனக்குத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

பல வருடம் காத்திருந்து உண்டான பிள்ளை. ஆறாம் மாதம் கிளினிக்கில் அந்த இனிப்புத் தண்ணீரைக் குடிக்க வைத்துச் சோதித்தார்கள். கர்ப்பகாலச் சர்க்கரை என்றார்கள். மாத்திரையில் அடங்கவில்லை, இன்சுலின் ஊசிக்கு வந்துவிட்டது. என் கணவருக்கு டவுனில் நாசி கண்டார் கடை. ஊருக்கே சோறும் கறியும் போடுகிற வீட்டில் நான் அரைக் கிண்ணம் சோற்றை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். விரலில் குத்திப் பார்க்கும்போதெல்லாம் பரீட்சைக்குப் போகிற பயம். அளவு கூடினால் அன்று முழுவதும் அழுகை. என் பிள்ளைக்கு நானே விஷம் வைக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். யாரிடமும் சொல்லவில்லை. வந்து பார்த்த சொந்தக்காரர்கள், "ஊசியா? அடேயப்பா, பாத்து இரும்மா" என்று பயத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டுப் போனார்கள். அவர்கள் வாய்க்கு யார் ஊசி போடுவது?

ரமலானில் நோன்பு வைக்க டாக்டர் விடவில்லை. பெருநாள் கழிந்து மகள் பிறந்தாள். பிறந்ததும் அவளுக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. என் நெஞ்சில் போடாமல் வேறு வார்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. டாக்டர்கள் சிரித்துக்கொண்டே கையில் கொடுத்தார்கள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. யாருடைய பிள்ளையையோ வாங்கி வைத்திருப்பது போல இருந்தது.

என் உம்மா மவுத்தாகிப் பல வருடமாகிவிட்டது. அதனால் கணவரின் தங்கை ரஹ்மத்தான் வந்து பத்தியச் சோறு ஆக்கினாள், பிள்ளையைக் குளிப்பாட்டினாள். அவள் கையில் பிள்ளை அமைதியாகத் தூங்கும். என் கையில் வந்தால் அழும். ஒருநாள் கணவரிடம், "மச்சான், புள்ளைய ரஹ்மத்துக்கிட்டயே குடுத்துருவோம். நான் இதுக்கு உம்மாவா இருக்க லாயக்கில்ல" என்றேன். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அதற்குப் பிறகு, நானே இல்லாமல் போய்விட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்ற எண்ணம் வர ஆரம்பித்தது. முதலில் எப்போதாவது வந்தது. பிறகு போகவே இல்லை.

இதில் நான் ஒரு தவறான கணக்கும் போட்டு வைத்திருந்தேன். பிரசவத் தொடக்கு இருக்கும் வரை நமக்குத் தொழுகை இல்லை அல்லவா? நோன்பும் போயிற்று, தொழுகையும் போயிற்று, இனி அல்லாஹ்விடம் பேச எனக்கு வழியே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். பாங்கு சொல்லும் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வேன். என்னைக் கூப்பிடவில்லை என்று தோன்றும்.

ஒரு வியாழக்கிழமை மதியம் ரஹ்மத் மிளகு ரசத்தோடு வந்து உட்கார்ந்தாள். அவளிடம் வாய் தவறிச் சொன்னேன்.

"நீயாச்சும் எனக்காக துஆ செய், ரஹ்மத். நான்தான் எதுவும் கேக்க முடியாதே."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன மைனி பேசுறீங்க? தொழுகதான் இப்ப இல்ல. துஆ கேக்க என்ன தடை? அரபியில வரலன்னா தமிழ்ல கேளுங்க, மலாய்ல கேளுங்க. அவனுக்கு எல்லாம் புரியும்லா. மொதல்ல ரசத்தக் குடிங்க, ஆறுது."

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனதும் படுத்த இடத்திலேயே கையேந்தினேன். சந்தோஷத்தைக் கொடு என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை. "யா அல்லாஹ், உள்ளே இருக்கிறதை ஒருத்தரிடமாவது சொல்ல எனக்கு வாயைக் கொடு" என்று மட்டும் கேட்டேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவனோடு பேசினேன். அழுது தீர்த்தேன்.

மறுநாள் காலை கிளினிக் மிசி வந்தார். பிரசவமான வீடுகளுக்கு இங்கே தாதிகள் வந்து பார்ப்பார்கள். இந்த மிசி நம் தமிழ் அக்கா. ஒவ்வொரு தடவையும் "எப்படி இருக்கீங்க?" என்பார், "ஓகே லா மிசி" என்று அனுப்பிவிடுவேன். அன்றும் கேட்டார். ஓகே என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"எனக்கு உயிரோட இருக்கவே புடிக்கல மிசி."

சொன்னது நானா என்று எனக்கே திகைப்பு. அவர் பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொன்னீங்களே, அதுவே பெரிய விஷயம். இது வியாதி தங்கச்சி, மருந்து இருக்கு. சர்க்கரைக்கு ஊசி போட்டோம்ல, அதே மாதிரி இதையும் பாப்போம். இன்னைக்கே டாக்டரப் பாக்கணும்" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

அவர் போன் போட்டுச் சொன்னதும், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் கூட்டம் சாப்பிட வருகிற நாள் என்றும் பாராமல், என் கணவர் கடையை இழுத்து மூடிவிட்டு ஓடி வந்தார். அதற்குள் ஒரு சொந்தக்காரர், "நாப்பது நாள் முடியாம வெளிய கூட்டிட்டுப் போறீங்களா? தண்ணி ஓதிக் குடுத்தா சரியாப் போயிரும்" என்றார். ரஹ்மத் விடவில்லை. "தண்ணியும் ஓதிக் குடிப்போம், டாக்டரையும் பாப்போம். ரெண்டையும் குடுத்தவன் அல்லாஹ்தான்" என்று சொல்லி என் காதை மறைத்துத் துண்டைக் கட்டிவிட்டாள். என் கணவர்தான் காரை ஓட்டினார். ஒரு சிக்னலில் நின்றபோது, "அன்னைக்கு நீ சொன்னப்ப நான் சிரிச்சேனே" என்று சொல்லி அழுதார்.

ஒரே நாளில் மாறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மாத்திரை சாப்பிட்டேன். வாராவாரம் போய்ப் பேசினேன். கணவர் பிள்ளைக்குத் துணி மாற்றக் கற்றுக்கொண்டார், டீ ஆற்றுகிற கை அதற்கும் வளைந்தது. தொடக்கு நீங்கிக் குளித்து முதல் தொழுகை தொழுத அன்று ஸஜ்தாவிலிருந்து எழ எனக்கு மனசே வரவில்லை. அப்புறம் ஒரு காலை, பால் குடித்துக்கொண்டிருந்த மகள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அது யாரும் சொல்லி வந்த சிரிப்பில்லை. சர்க்கரையும் நார்மலுக்கு வந்துவிட்டது. இப்போதும் விடாமல் சோதித்துப் பார்க்கிறேன்.

சகோதரிகளே, இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது அந்த இருட்டு இருந்தால் ஈமான் குறைந்துவிட்டது என்று உங்களை நீங்களே வதைத்துக்கொள்ளாதீர்கள். எந்த நிலையில் கிடந்தாலும் அவனிடம் கேளுங்கள். அவன் அனுப்புகிற ஆள் யூனிபார்ம் போட்டு வந்தாலும் உண்மையைச் சொல்லுங்கள். மருந்து கொடுத்தால் சாப்பிடுங்கள்.

போன வாரம் நானும் ரஹ்மத்தும் கடையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு வாடிக்கையாளர் என் மகளைக் கொஞ்சிவிட்டு, "இதுல யாரும்மா உன் உம்மா?" என்று கேட்டார். ரஹ்மத் வேண்டுமென்றே இரண்டு கையையும் நீட்டினாள். மகள் அவளைத் தாண்டி ஓடி வந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அல்ஹம்துலில்லாஹ்.