அப்பாவின் வெள்ளை அணுக்கள்

நகரத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் பார்ப்பது என் வேலை. வீட்டில் முதலில் படித்தவன் என்பதால் எங்கள் ஊரான காப்பாரில் குடும்பத்துக்கு நான்தான் டாக்டர். இல்லை என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை.

எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் அப்பா ஒரு காலையில், ஒரே சோர்வாக இருக்கிறது என்று கையை நீட்டினார்.

"கிளினிக்குக்குப் போங்கப்பா."

"வீட்டுலயே டாக்டர வச்சிக்கிட்டு அங்க போயி லைன்ல ஒக்காரணுமா? எடுடா."

ரத்தம் எடுத்தேன். மதியம் நுண்ணோக்கியில் பார்த்தபோது வெள்ளை அணுக்கள் அளவுக்கு மீறி இருந்தன. சாயத்தில் உறைந்து கிடந்தாலும், எங்கோ ஓடும்போது பிடிபட்டவை போலிருந்தன. அப்பாவின் காலில் செம்பனை முள் குத்திய புண் ஒன்று இருந்தது. அங்கேதான் ஓடுகின்றன என்று முடிவு கட்டி, போனில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"கால் புண்ணுதாம்மா. ஆறிடும்."

மூன்றாம் நாள் சுழலும் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு வியர்த்து ஊற்றியது.

"நெஞ்சுக்குள்ள யாரோ நடக்கிற மாதிரி இருக்குடா. வலியெல்லாம் இல்ல."

குனிந்து அவர் காலைப் பார்த்தேன். புண் எப்போதோ காய்ந்திருந்தது. அப்படியென்றால் அத்தனை அணுக்களும் எங்கே போய்க்கொண்டிருந்தன?

கிள்ளான் மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் தமிழிலேயே சொன்னார்.

"அட்டாக் வந்து மூணு நாளாச்சு, அங்கிள். உங்கள மாதிரி சுகர் இருக்கிறவங்களுக்குச் சில நேரம் வலியே தெரியாது. இப்ப வெள்ளை அணுக்கள் உள்ள போயி செத்த தசையத் தின்னுக்கிட்டிருக்கு."

"என்னையே தின்னுதா? சோறு போட்டு வளத்தது நான்லா!"

டாக்டர் சிரிக்கவில்லை. "தின்னாத்தான் தழும்பு கட்டும். அது வரைக்கும் இதயச் சுவரு மெத்துன்னு இருக்கும், கிழிஞ்சிடலாம். அதனால உடம்ப அலட்டிக்கவே கூடாது. மொதல்ல கொழுப்பத் தின்னு, ரத்தக் குழாய்ச் சுவத்துக்குள்ளயே செத்துக் குவிஞ்சு, அடைப்பு வரக் காரணமா இருந்ததும் இதே கூட்டந்தான்."

"முள்ளுப் புண்ணுதான்னு சொல்லி விட்டது நான்தான், டாக்டர்," என்றேன். அவர் கோப்பில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தார்.

தினமும் கட்டிலருகே உட்கார்ந்தேன். அப்பாவின் சட்டைக்கடியில் சத்தமே இல்லாமல் ஒரு விருந்து நடந்துகொண்டிருந்தது. அவர் இருமினால், சுவர் கிழிந்ததோ என்று எழுந்து நின்றேன்.

எட்டாம் நாள் ஸ்கேனில் இதயச் சுவர் தாங்கியிருந்தது. அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"தின்னு முடிச்சிட்டாங்களாடா?"

"இல்லப்பா. இன்னும் கொஞ்ச நாள் ஆகும்."

நெஞ்சின் மேல் வைத்திருந்த கையை மெல்ல எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் அசையாமல் படுத்துக்கொண்டார்.