ஓரம் மடித்த பிளாஸ்திரி

கஜா பெராங்கில் குடியிருக்கும் கோகிலா, நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷமே ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனை அறையில் வேலைக்குச் சேர்ந்தவள். எட்டு வருஷமாய் ஒரு பழக்கம். ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாயில் பெயரெழுதிப் பிளாஸ்திரி ஒட்டினால், பிரிக்கச் சுலபமாக ஓரத்தைக் கொஞ்சம் மடித்து விடுவாள்.

அன்றைக்குக் கோலாலம்பூரிலிருந்து டெலிவிஷன்காரர்கள் வந்திருந்தார்கள். நாட்டின் விஞ்ஞான முன்னேற்றத்தைக் காட்டப் போகிறார்களாம். தினமும் மைக்ராஸ்கோப்பில் கண் பூத்துப்போகிறவள் கோகிலா. படத்தில் அதைக் குனிந்து பார்க்கப் போகிறவரோ டாக்டர் சேதுராமன். அவள் குழாயை நீட்டிச் சிரித்தால் போதுமாம். நல்ல நியாயம்!

“மொகத்துக்குப் பவுடர் போட்டுட்டு வாங்கம்மா” என்று விரட்டினார் டைரக்டர் தியாகு.

போட்டுக்கொண்டு வந்தாள். கேமரா ஓடியது. பொன்னம்மா என்று ஒட்டியிருந்த குழாயை எடுத்தவள் அப்படியே நின்றாள். பிளாஸ்திரியில் மடிப்பைக் காணோம். பக்கத்துக் குழாயிலும் இல்லை. புக்கிட் ரம்பாயிலிருந்து வந்த பொன்னம்மா பிள்ளை பெற்று, ரத்தம் நிற்காமல் வார்டில் கிடக்கிறாள். இந்தக் குழாயைச் சோதித்துத்தான் அவளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். பெயர் மாறியிருந்தால் உயிரே போய்விடும்.

“கொடுங்க கோகிலா” என்றார் டாக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

“தர மாட்டேன், சார்.”

“கட்!” தியாகு பாய்ந்து வந்தார். “ஒங்களுக்குப் பேசுற வேலையே இல்லயேம்மா!”

“பிளாஸ்திரிய யாரு பிரிச்சது?”

“லைட்டுல பளிச்சுனு அடிச்சிச்சு. ரெண்டையும் பிரிச்சுப் பாத்துட்டுத் திரும்ப ஒட்டிட்டோம். அதுக்கென்ன இப்ப?”

டாக்டரின் முகம் வெளுத்தது. வேலை போனால் போகட்டும் என்று கோகிலா வார்டுக்கு ஓடினாள். புதிதாக ரத்தம் எடுத்து வந்து சோதித்தாள். குழாயில் இருந்த ரத்த வகையே வேறு! இரண்டு பெயரும் இடம் மாறியிருந்தன. சரியான ரத்தம் ஏறியது. சாயங்காலம் பொன்னம்மா கண் திறந்தாள்.

பிறகு வேறு குழாயில் சிவப்புச் சாயத் தண்ணீரை ஊற்றிப் படத்தை எடுத்து முடித்தார்கள்.

அடுத்த மாதம் பக்கத்து வீட்டு நாச்சியம்மை ஆச்சியின் கூடத்து டெலிவிஷனில் தெருவே கூடி அதைப் பார்த்தது. டாக்டர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். கோகிலா குழாயை நீட்டிச் சிரித்தாள். அவ்வளவுதான்.

“சிரிக்கிறதுக்கா ஒனக்குச் சம்பளம் குடுக்குறாக?” என்று ஆச்சி கேலி செய்தாள்.

கோகிலாவுக்குச் சுருக்கென்றது.

“அது சாயத் தண்ணி, ஆச்சி. ரத்தம் இருந்தப்ப நான் சிரிக்கல.”