அரைநாள் பயிற்சி, முழுப்பேர்

அந்தப் பெல்ட்டுகளின் நாற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். போன் டவரில் ஏறுகிறவர்கள் உடம்பில் கட்டிக்கொள்ளும் பெல்ட்டுகள் எங்கள் ஆபீஸின் பின்பக்க அறையில் ஒரு பழைய சாக்குக்குள் கிடந்தன. சாக்கின் வாயை அவிழ்த்தால் வியர்வையும் பூஞ்சணமும் எலி மூத்திரமும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். இரத்தினபுரி மழைக்கு எதுவுமே ஒழுங்காகக் காயாது. நனைந்த பெல்ட்டை அப்படியே திணிப்பார்கள், அடுத்த நாள் அதே ஈரத்தோடு அது இன்னொருவர் இடுப்பில் ஏறும். உயிரைத் தாங்க வேண்டிய சாமான் அது. எங்கள் வீட்டு நாயைக்கூட நான் அதில் கட்ட மாட்டேன்.

அந்த அறையின் சாவி என்னிடம்தான் இருந்தது. ஏனென்றால் அந்தக் கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் நான்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நான் சேர்ந்தது கிளார்க் வேலைக்கு. பெரிய கம்பெனி ஒன்று டவர் வேலையை ஒருவருக்குக் கொடுக்கும், அவர் இன்னொருவருக்குக் கொடுப்பார், அந்த இன்னொருவரிடமிருந்து எங்கள் முதலாளி எடுப்பார். அப்படி எடுக்கும்போது நிரப்ப வேண்டிய ஒரு படிவத்தில் சேஃப்டி ஆபீசரின் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. முதலாளி என்னைப் பார்த்து, "நங்கி, ஒன்னோட பேரைப் போடுறேன்" என்றார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. எனக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாதே என்றேன். "கமக் நே" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். அந்த மனிதருக்கு உலகத்தில் எல்லாமே கமக் நேதான். ஏணியில் இரண்டாவது படிக்கு மேல் ஏறினால் எனக்குத் தலை சுற்றும். ஆனால் தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றும் வாசிப்பேன். அது போதும் என்று அவர் நினைத்தார். சம்பளம் கொஞ்சம் கூடும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

டவர் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் நிவித்திகலைப் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள், எங்கள் ஆட்கள். "தோட்டத்து ஆளுகளுக்கு மரம் ஏறத் தெரியும், புதுசா எதுவும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். அவர்களில் ஒருவர் தோட்டத்து வரிசை வீடுகளில் எங்கள் லயத்துக்கு இரண்டு லயம் கீழே இருந்தவர். சின்ன வயதிலிருந்தே அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். தேயிலை மலையில் நிழல் மரங்களுக்கு வாது வெட்டிக்கொண்டிருந்தவர். டவரில் ஏறும்போது ஒவ்வொரு கம்பியையும் கையால் தட்டிப் பார்த்துத்தான் அடுத்த காலை வைப்பார். மற்றவர்கள் கேலி செய்வார்கள், அவர் கண்டுகொள்ள மாட்டார்.

பயிற்சிச் சான்றிதழ் இல்லாத யாரும் இனி ஏறக் கூடாது என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. உடனே முதலாளி இரத்தினபுரியில் ஒரு கல்யாண ஹோலை அரைநாளைக்கு எடுத்தார். முதல் நாள் நடந்த கல்யாணத்தின் பூக்கள் மேடையிலேயே வாடிக் கிடந்தன. அதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளர் படம் காட்டினார். எல்லாம் இங்கிலீஷ். ஏதோ ஒரு குளிர் நாட்டில் பனி மூடிய டவரில் வெள்ளைக்காரர்கள் ஏறினார்கள். அட்டை கடிக்க, மழையில் வழுக்கி வழுக்கி ஏறுகிற எங்கள் ஆட்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். அவர் பத்து வாக்கியம் பேசினால் எனக்கு இரண்டு வாக்கியத்துக்குத்தான் நேரம் விட்டார். பிறகு ஒரு பையிலிருந்து புத்தம் புதிய பெல்ட் ஒன்றை எடுத்தார். முழு உடம்புக்கும் வருகிற நல்ல சாமான். ஒவ்வொருவராக அதை மாட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், கழற்றி அடுத்த ஆளிடம் கொடுத்தார்கள். அன்று பின்னேரமே அந்தப் பெல்ட் அவரோடு கொழும்புக்குப் போய்விட்டது.

அண்ணே மட்டும்தான் கேள்வி கேட்டார். மேலே ஒருத்தன் வழுக்கி பெல்ட்டில் தொங்கிப்போனால், கீழே நிற்கிறவன் அவனை எப்படி இறக்குவது என்று கேட்டார். நான் இங்கிலீஷில் சொன்னேன். பயிற்சியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது இரண்டாம் கட்டப் பயிற்சியில் வரும், இன்றைக்கு இல்லை என்றார். அந்த இரண்டாம் கட்டம் எப்போது என்று அண்ணே கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கோழிச் சோற்றுப் பார்சல் வந்துவிட்டது.

பார்சலோடு ஒரு தாளும் வந்தது. கையெழுத்துத் தாள். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. காலையில் ஆட்களைக் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில் பேர் விழுந்தால்தான் அன்றைக்கு வேலை உண்டு. கொழுந்து நிறை காணாவிட்டால் அரைப்பேர். ஒரு மனுஷியின் முழு நாளைப் பாதியாக வெட்டிப்போடுகிற சொல் அது, அதைக் கேட்டுத்தான் நாங்களெல்லாம் வளர்ந்தோம். நான் தாளைத் தூக்கிப் பிடித்து, "எல்லாரும் வந்து பேர் போடுங்க" என்றேன். அண்ணே வரிசையில் வந்து பேனாவை வாங்கிக்கொண்டு, "தங்கச்சி, மத்தியானத்தோட முடிஞ்சிருச்சே, இது முழுப்பேரா அரைப்பேரா?" என்று கேட்டார்.

அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. இன்றைய நாளைப் பதிகிற தாள் என்றே அவர் நினைத்தார், வரிசையில் நின்ற எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். நான் சிரித்துக்கொண்டே, "முழுப்பேர்தான் அண்ணே, போடுங்க" என்றேன். அவர் சந்தோஷமாகத் தன் முழுப் பெயரையும் தமிழில் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

தாளின் தலையில் இங்கிலீஷில் இருந்தது இதுதான்: உயரத்தில் வேலை செய்வதிலும், உயரத்தில் மாட்டிக்கொண்டவரை மீட்பதிலும் எனக்கு முழுப் பயிற்சி தரப்பட்டது; எல்லாம் என் மொழியில் விளக்கப்பட்டது; இனி என் பாதுகாப்புக்கு நானே பொறுப்பு. அவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். பார்சல் பிரிப்பதற்கு முன்பே நான் அதை வாசித்துவிட்டேன். வாசித்துவிட்டு, எல்லா ஆபீஸிலும் இப்படித்தான் எழுதுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேனாவை நீட்டினேன்.

சில மாதம் கழித்து, கலவான ரோட்டில் ஒரு மலை உச்சியில் இருந்த டவரில் சிக்னல் போனது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. முதலாளி போனுக்கு மேல் போன் போட்டு அண்ணேயையும் இன்னும் இரண்டு பேரையும் அனுப்பினார். அண்ணேயின் பெல்ட்டில் இரண்டு கொக்கி. ஒன்றைக் கழற்றி மேலே மாட்டும்போது மற்றது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் ஒரு கொக்கியின் வாய் துருப்பிடித்து மூடாமல் போயிருந்தது. அதை அவர் என்னிடம் சொல்லியிருந்தார், நான் முதலாளிக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். இன்னொரு கொக்கி இருக்கிறதே, கமக் நே என்று பதில் வந்தது. அதற்கு மேல் நான் சண்டை போடவில்லை. அந்தச் சாவியை மேசையில் வீசி எறிந்துவிட்டு வந்திருக்க வேண்டும். எறியவில்லை.

ஈரக் கம்பியில் கால் வழுக்கியது. மாட்டியிருந்த ஒற்றைக் கொக்கி அவரைப் பிடித்துக்கொண்டது. அவர் கீழே விழவில்லை, தொங்கினார். மேலே ஏறவும் வழியில்லை, கீழே இறங்கவும் வழியில்லை.

கீழே நின்றவர்கள் எனக்குத்தான் போன் எடுத்தார்கள். வேறு யாருக்கு எடுப்பார்கள்? "தங்கச்சி, அண்ணே தொங்குறாரு, எப்பிடி எறக்குறதுன்னு சொல்லுங்க" என்றான் ஒருவன். நான் என்ன செய்தேன் தெரியுமா? அலுமாரியைத் திறந்து பயிற்சி ஃபைலை எடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். போட்டோக்கள் இருந்தன, சான்றிதழ்கள் இருந்தன, கையெழுத்துகள் இருந்தன. எப்படி இறக்குவது என்று ஒரு வரி இல்லை. பயிற்சியாளருக்குப் போன் போட்டேன். தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தீயணைப்பு வண்டியால் அந்தத் தோட்டத்து ரோட்டில் பாதி தூரத்துக்கு மேல் ஏற முடியவில்லை.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, சிக்னல் வந்துவிட்டதா என்பது. இரண்டாவது கேள்வி, "பைல் எல்லாம் சரியா இருக்குல்ல?" என்பது. மூன்றாவது கேள்வி எதுவும் அவரிடம் இல்லை.

கடைசியில் கீழே நின்றவர்களில் ஒருவன், கேபிள் இழுக்கிற கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி, அதிலேயே அவரைக் கட்டி மெல்ல மெல்ல இறக்கினான். அதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவ்வளவு நேரமும் அந்த அழுகிய வார் அவர் தொடையை அறுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. வலது கால் மரத்தது மரத்ததுதான். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் பல வாரம் கிடந்தும் பாதத்துக்கு உணர்ச்சி திரும்பவில்லை. இப்போது காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார்.

பிறகு விசாரணை வைத்தார்கள். குற்றம் கம்பெனி மீது என்று எழுதினால் அவரைக் கடைசிவரை கம்பெனி பார்க்க வேண்டும். குற்றம் அவர் மீது என்று எழுதினால் கையைக் கழுவிவிட்டுப் போகலாம். முடிவாக வேண்டியது அது ஒன்றுதான், எல்லோருக்கும் அது தெரியும். மேலிடத்திலிருந்து வந்த மூன்று பேர் எங்கள் ஆபீஸில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டார்கள். அண்ணே கைத்தடியோடு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவருடைய மனைவி கொழுந்து மலையிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்து வாசலில் நின்றார். அந்த வீட்டில் இனி விழப்போவது அவர் ஒருவர் பேர்தான்.

மூவரில் ஒருவர் அந்தத் தாளை எடுத்து, இங்கிலீஷில் இருந்ததைச் சிங்களத்தில் நிறுத்தி நிதானமாக வாசித்தார். அண்ணேக்குச் சிங்களம் வாசிக்க வராது, ஆனால் பேசினால் சிங்களவர்களே திரும்பிப் பார்ப்பார்கள். முழுப் பயிற்சி, மீட்பு, என் மொழியில் விளக்கப்பட்டது, நானே பொறுப்பு. தான் எதில் கையெழுத்து வைத்தார் என்பது அந்த நிமிஷத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இதெல்லாம் உங்களுக்குத் தமிழில் விளக்கப்பட்டதா என்று அதிகாரி கேட்டார். அண்ணே நேராக நிமிர்ந்து, "மிஸ் ஒக்கோம கியலா துன்னா" என்றார். மிஸ், அதாவது நான், எல்லாம் சொல்லிக் கொடுத்தேன் என்று அர்த்தம். அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.

நான் எழுந்து நின்று, அது பொய் என்றேன். நான் எதையும் சொல்லவில்லை, அன்றைக்கு மீட்புப் பயிற்சி என்று ஒன்று நடக்கவே இல்லை, இவர்கள் வரவுத் தாள் என்று நினைத்துக் கையெழுத்து வைத்தார்கள், நான் வாசித்துவிட்டுத்தான் வைக்கச் சொன்னேன் என்றேன். கொக்கியைப் பற்றியும் சொன்னேன். முதலாளி வாயில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நங்கி கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிறார், தண்ணீர் கொடுங்கள் என்றார்.

அறிக்கை வந்தது. தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதியிருந்தார்கள். பயிற்சி பெற்றதாகத் தொழிலாளியே ஒப்புக்கொண்டிருக்கும்போது, வேறொருவர் மறுப்பதை ஏற்க முடியாதாம். அந்த வாரமே என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். என் மேசையில் ஒரு புதுப் பிள்ளை உட்கார்ந்தாள், அவளுக்கும் மூன்று பாஷை தெரியுமாம்.

அண்ணேயைப் பார்க்க லயத்துக்குப் போனேன். அவருடைய மனைவி என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அது நியாயம். அண்ணே வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஏன் அண்ணே அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். அவர் காலைத் தடவிக்கொண்டே, "அவங்க எப்பிடியும் எந் தலையிலதான் கட்டுவாங்க தங்கச்சி. ஒங்களையும் ஏன் சேத்து இழுக்கணும்னுதான்" என்றார். அவர் என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், எனக்காக வருத்தப்படுகிற குரலில் சொன்னார்:

"அன்னிக்கு ஹோல்ல வாசிச்சிட்டுப் பேசாம இருந்தீங்கள்ல. விசாரணையன்னிக்கும் அப்பிடியே இருந்திருந்தா ஒங்க வேலையாச்சும் மிஞ்சியிருக்கும்."